பண்டாரநாயக்கவின் மகளும் நம் வீட்டு மகள்மாரும்

(மகளிர் தினத்தையொட்டி நடைபெற்ற மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



போன கூட்டத்தில் ஒரு விசயம் நடந்தது. தோட்டக் கமிட்டிக்கு ஒரு தலைவியைத் தெரிவு செய்ய வேண்டும், யாராவது முன்வாருங்கள் என்று கேட்டோம். ஒருவரும் கை தூக்கவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு தங்கச்சி மட்டும் மெதுவாகச் சொன்னாள்: “அதெல்லாம் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் சரிவரும் அக்கா. சந்திரிகா அம்மா மாதிரி பிறந்திருந்தா நானும் கை தூக்குவேன்.” எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போன பிறகு அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இன்றைக்குச் சந்திரிகா அம்மையாரின் கதையையே உங்களுக்குச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். பெரிய வீட்டில் பிறந்ததால் அவருக்குக் கிடைத்தது என்ன, கிடைக்காமல் போனது என்ன, அவர் குடும்பத்தால் நமக்கு வந்தது என்ன என்று பார்ப்போம். பார்த்த பிறகு அந்தத் தங்கச்சிக்குப் பதில் சொல்கிறேன்.

சந்திரிகா பிறந்தது 1945 ஜூன் 29ஆம் திகதி. தகப்பன் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க, அத்தனகல்ல ஹொரகொல்ல வளவுக்காரர். வெள்ளைக்காரன் காலத்தில் மகா முதலியாராக இருந்தவரின் மகன். தாய் சிறிமாவோ, பலாங்கொடை ரத்வத்த குடும்பம். மூன்று பிள்ளைகள். மூத்தவர் சுனேத்திரா, நடுவில் சந்திரிகா, கடைசியாக மகன் அநுர. அந்தக் காலத்து வழக்கப்படி எல்லோருடைய கண்ணும் மகன் மேல்தான் இருந்தது.

அவருக்கு மூன்று வயதாக இருக்கும்போது 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த வருசம் நம்முடைய வாக்கும் போனது. 1947 தேர்தலில் நம் மக்கள் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த வழி அத்தோடு அடைபட்டது. டி.எஸ். சேனநாயக்க பிரதமராக இருந்த அந்த அரசாங்கத்தில் பண்டாரநாயக்கவும் ஓர் அமைச்சர். பிறகு 1951இல் அவர் வெளியேறி ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். 1956இல் பிரதமரானார். சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தார்.

1959 செப்டெம்பர் 25ஆம் திகதி, கொழும்பு ரொஸ்மீட் பிளேசில் இருந்த சொந்த வீட்டிலேயே ஒரு பிக்கு அவரைச் சுட்டார். மறுநாள் உயிர் போனது. அப்போது சந்திரிகாவுக்கு 14 வயது. நம் தோட்டத்தில் 14 வயதுப் பிள்ளை தகப்பனை இழந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் நிற்கும், பிள்ளை கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போகும். அந்த வீட்டில் அப்படி ஆகவில்லை. அதுதான் பெரிய வீட்டுக்கும் நமக்கும் உள்ள முதல் வித்தியாசம். துக்கம் எல்லா வீட்டுக்கும் பொது. ஆனால் துக்கம் வந்த பிறகும் படிப்பு நிற்காமல் இருப்பதற்கு வசதி வேண்டும்.

அடுத்த வருசம், 1960 ஜூலையில் தாய் பிரதமரானார். உலகத்திலேயே முதல் பெண் பிரதமர். மகளிர் தினத்தில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். ஆனால் நாம் இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியவர்கள். அந்த முதல் பெண் பிரதமர்தான் 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியோடு ஒப்பந்தம் செய்தார். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை இரண்டு நாடுகளும் பங்கு போட்டன. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று வைத்தார்கள். பத்து வருசத்துக்குப் பிறகு 1974இல், இந்திரா காந்தியோடு அந்த ஒன்றரை இலட்சத்தையும் பாதி பாதியாகப் பிரித்தார் சிறிமாவோ. யோசித்துப் பாருங்கள், அந்த இரண்டாவது ஒப்பந்தத்தைச் செய்த இரண்டு பேரும் பெண்கள். அதிலும் இந்திரா காந்தி நேருவின் மகள், இன்னொரு பிரதமரின் மகள்.

என் பெரியப்பா குடும்பம் அந்த ஒப்பந்தத்தில் போனவர்கள்தான். ஒப்பாரிக் கோச்சி என்று நம் மக்கள் பேர் வைத்த அந்த ரயிலில் ஏறித் தலைமன்னாருக்குப் போனார்கள். அப்பாவுக்குப் பிரஜாவுரிமை இங்கே, கூடப்பிறந்த அண்ணனுக்கு அங்கே. ஸ்டேசனில் ஜன்னலுக்குள் கையை விட்டுப் பிடித்துக்கொண்டு, ரயில் நகர்ந்த பிறகும் அப்பா கூடவே ஓடினாராம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். இங்கே இருக்கிற எத்தனை வீடுகளில் இந்தக் கதை இருக்கிறது என்று நான் கேட்க வேண்டியதில்லை.

மகளின் கதைக்கு வருவோம். சந்திரிகா கொழும்பில் கன்னியாஸ்திரிகள் நடத்திய சென் பிரிஜட்ஸ் கல்லூரியில் படித்தார். பிறகு பிரான்சுக்குப் போய் பாரிஸ் நகரத்தில் அரசியல் படித்தார். 1970களின் தொடக்கத்தில் திரும்பி வந்தார். அப்போது தாய் இரண்டாவது முறையாகப் பிரதமர். மகளுக்குக் கிடைத்த உத்தியோகம் காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவில். பிறகு ஜனவச ஆணைக்குழுவின் தலைவியாகவும் இருந்தார்.

காணிச் சீர்திருத்தம் என்ற பேச்சைக் கேட்டால் வயதான தாய்மாருக்கு வேறு ஞாபகம் வரும். 1972இல் வந்த சட்டப்படி ஓர் ஆள் 50 ஏக்கருக்கு மேல் வைத்திருக்க முடியாது என்றார்கள். 1975இல் கம்பனித் தோட்டங்களையும் அரசாங்கம் எடுத்தது. காணி இல்லாத ஏழைக்குக் காணி கொடுப்பது நல்ல கொள்கை, அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தக் காணியில் நூறு நூற்றைம்பது வருசமாக உழைத்த ஏழையைக் கணக்கில் எடுக்கவில்லை. பல இடங்களில் நம் ஆட்களை லயத்திலிருந்து விரட்டினார்கள். அதோடு 1973, 74 பஞ்சமும் சேர்ந்துகொண்டது. மாவுக்கும் அரிசிக்கும் வழியில்லாமல் தோட்டங்களில் பட்டினியால் செத்தவர்கள் உண்டு. 1977 மே மாதம், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்க வந்தபோது, டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் முன்னால் நின்று பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரைக் கொடுத்தார். இதற்கெல்லாம் சந்திரிகா அம்மையார்தான் பொறுப்பு என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது நியாயமும் இல்லை. நான் சொல்ல வருவது இதுதான்: காணியைப் பங்கிட்ட மேசையில் பிரதமரின் மகளுக்கு ஒரு நாற்காலி இருந்தது. அந்தக் காணியில் கொழுந்து பறித்த ஒருவருக்கும் அங்கே நாற்காலி இல்லை.

1977 தேர்தலில் சுதந்திரக் கட்சி தோற்று 8 ஆசனத்துக்கு இறங்கியது. 1980இல் ஜே.ஆர். அரசாங்கம் சிறிமாவோவின் குடியுரிமைகளை ஏழு வருசத்துக்குப் பறித்தது. பாராளுமன்றத்தில் இருந்தும் அவரை வெளியேற்றியது. நம் மக்கள் முப்பது வருசமாக அனுபவித்ததில் ஒரு துளியை அந்த வீடும் அனுபவித்தது. இதைச் சந்தோசப்பட்டுச் சொல்லவில்லை. ஒருவரின் உரிமையைப் பறிக்கலாம் என்று பாராளுமன்றம் ஒருமுறை பழகிவிட்டால், அது நாளைக்கு யார் வீட்டுக்கும் வரும்.

சந்திரிகா 1978இல் சினிமா நடிகர் விஜய குமாரதுங்கவைக் கல்யாணம் செய்தார். பெரிய வளவுகளின் சம்பந்தம் இல்லை, தானே தெரிவு செய்த மாப்பிள்ளை. பிறகு இருவரும் தாயின் கட்சியை விட்டு வெளியே வந்து, 1984இல் மற்றவர்களோடு சேர்ந்து ஸ்ரீலங்கா மகஜன கட்சியை அமைத்தார்கள். இனவாதம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஒரு சிங்கள நடிகர் யாழ்ப்பாணத்துக்குப் போய், ஆயுதம் தூக்கிய தமிழ் இளைஞர்களோடு உட்கார்ந்து பேசினார். தமிழ் மக்களின் பிரச்சினையைப் பேசித் தீர்க்க வேண்டும் என்று தெற்கிலே மேடை போட்டுச் சொன்னார். 1988 பெப்ரவரி 16ஆம் திகதி வீட்டு வாசலில் வைத்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 14 வயதில் தகப்பனை இழந்த பெண், 42 வயதில் கணவனை இழந்தார். இரண்டு சின்னப் பிள்ளைகளோடு லண்டனுக்குப் போய்விட்டார்.

இந்த இடத்தில் அவரை நான் மதிக்கிறேன். லண்டனிலேயே இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் திரும்பி வந்தார். தம்பி அநுரவுக்கும் அவருக்கும் கட்சிக்குள் இழுபறி. கடைசியில் தம்பி மறுபக்கத்துக் கட்சிக்குப் போனார். மகன்தான் வாரிசு என்று எதிர்பார்த்த வீட்டில் மகள் முன்னுக்கு வந்தார். 1993இல் மேல் மாகாண முதலமைச்சரானார்.

இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். 1994 ஓகஸ்ட் 16ஆம் திகதி பொதுத் தேர்தல். சந்திரிகாவின் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனம். பாராளுமன்றத்தில் மொத்தம் 225. பெரும்பான்மைக்கு 113 வேண்டும். முஸ்லிம் காங்கிரஸின் ஏழையும் சேர்த்தால் 112. இன்னும் ஒன்று குறைகிறது. அந்த ஒன்று எங்கேயிருந்து வந்தது? நுவரெலியா மாவட்டத்திலிருந்து, மலையக மக்கள் முன்னணியின் பெ. சந்திரசேகரன் ரூபத்தில் வந்தது.

எந்தச் சங்கம், எந்தக் கட்சி என்று இப்போது பார்க்க வேண்டாம். கணக்கை மட்டும் பாருங்கள். தகப்பன் அமைச்சராக இருந்த அரசாங்கம் நம் வாக்கைப் பறித்தது. தாய் நம்மைப் பங்கு போட்டார். மகள் பிரதமராவதற்கு நம் மக்கள் போட்ட வாக்கில் தெரிவான ஒருவர் கை தூக்க வேண்டியிருந்தது. அதே வருசம் நவம்பரில் 62 வீத வாக்குகளோடு அவர் நாட்டின் முதல் பெண் ஜனாதிபதியானார். தாயைப் பிரதமராக நியமித்தார். பிறகு சௌமியமூர்த்தி தொண்டமானும் அந்த அரசாங்கத்தில் அமைச்சராக இருந்தார். 1999இல் அவர் மறைந்ததும் ஓர் ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நடந்த அதே திகதி.

பதினொரு வருசம் ஜனாதிபதி. என்ன செய்தார்? நல்லதையும் சொல்வேன், கெட்டதையும் சொல்வேன்.

சமாதானம் என்று சொல்லி வந்தார். 1995 ஜனவரியில் போர் நிறுத்தம் வந்தது, ஏப்ரலில் முறிந்தது. அதன் பிறகு நடந்த யுத்தத்தில் நவாலித் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்த சனங்கள் மேல் குண்டு விழுந்தது. யாழ்ப்பாண மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தார்கள். அதே 1995இல் அதிகாரப் பகிர்வுத் திட்டத்தையும் முன்வைத்தார். தகப்பனும் தாயும் தொட நினைக்காத அளவுக்கு அது போனது. ஆனால் 2000ஆம் ஆண்டு அரசியலமைப்பு வரைவாகப் பாராளுமன்றத்துக்கு வந்தபோது நிறைவேறவில்லை. ஜனாதிபதி ஆட்சிமுறையை ஒழிப்பேன் என்றார், ஒழிக்கவில்லை. 1999 டிசம்பர் 18இல் கொழும்பு நகர மண்டபத்துக்கு முன்னால் தற்கொலைக் குண்டு வெடித்துப் பலர் இறந்தார்கள். அவருக்கு வலது கண் பார்வை போனது. மூன்றே நாளில் நடந்த தேர்தலில் மறுபடியும் வென்றார்.

நம் பக்கம்? 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போயிருந்தது. சந்திரிகா ஆட்சியில்தான் கம்பனிகளின் பெரும்பங்கை விற்று, நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். தாய் காலத்தில் அரசாங்கம் எடுத்த தோட்டங்கள் மகள் காலத்தில் முழுசாகத் தனியார் கைக்குப் போயின. தொழிலாளிக்கு 10 வீதப் பங்கு இனாம் என்று ஒரு கடுதாசி தந்தார்கள். அந்தக் கடுதாசி இன்றைக்கு எத்தனை பேரிடம் இருக்கிறது? சமுர்த்தி வந்தது, பெரும்பாலான தோட்டக் குடும்பங்கள் அதற்கு வெளியே நின்றன. 2000 ஒக்டோபரில் பண்டாரவளைக்குப் பக்கத்தில், பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் அரசாங்கத்தின் பொறுப்பில் இருந்த இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களைக் கும்பல் வெட்டிக் கொன்றது. அதையும் மறக்க முடியாது.

ஆனால் 2003 ஒக்டோபரில் ஒன்று நடந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதியிலிருந்து இங்கேயே நிரந்தரமாக வாழும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் பாராளுமன்றத்தில் ஏகமனதாக நிறைவேறியது. அதைக் கொண்டுவந்தது ஐக்கிய தேசியக் கட்சியின் அரசாங்கம். ஜனாதிபதி ஆசனத்தில் இருந்தவர் சந்திரிகா. தாய் கையெழுத்துப் போட்ட அந்தத் திகதியே, மகள் ஜனாதிபதியாக இருந்தபோது நம்மை இந்த நாட்டுக்காரர் என்று சொல்லும் திகதியாக மாறியது. ஒருவரும் எதிர்த்துக் கை தூக்கவில்லை. 1948இல் நம்மைத் தள்ளிய இரண்டு பெரிய வீடுகளும் 2003இல் சேர்ந்து ஆம் என்றன.

அடுத்த வருசம், 2004 ஜூலையில், 1983 கலவரத்துக்காகத் தமிழ் மக்களிடம் அவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். 83இல் ஆட்சியில் இருந்தது அவருடைய கட்சியும் இல்லை. இருந்தாலும் நாட்டுத் தலைவி என்ற முறையில் கேட்டார். அது சின்ன விசயமில்லை. நானும் அன்றைக்குக் கேட்டு அழுதேன். ஆனால் 1964க்காக, கோச்சியில் போன என் பெரியப்பாவுக்காக, யாராவது அப்படிக் கேட்பார்களா என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது அந்தத் தங்கச்சிக்கு வருகிறேன். எங்கே இருக்கிறாய்? சரி, அங்கேதானா.

தங்கச்சி, பெரிய வீட்டில் பிறந்ததால் சந்திரிகா அம்மையாருக்குக் கதவு திறந்திருந்தது. அது உண்மை. அதை நாம் மறைக்க வேண்டாம். ஆனால் அந்த வீட்டுப் பிறப்பு அவருக்கு 113ஐக் கொடுக்கவில்லை. கடைசி ஒரு ஆசனத்துக்கு நம்முடைய மலைக்கு வர வேண்டியிருந்தது. 2003 சட்டமும் யாருடைய இரக்கத்தாலும் வரவில்லை. 1980களின் கடைசியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நம் கைக்குத் திரும்பி வந்த வாக்கு, எந்த அரசாங்கத்துக்கும் வேண்டியதாக இருந்தது. அதனால் வந்தது. நம் வாக்கு பேசாத காலத்தில் நம்மைப் பற்றி டில்லியில் பேசினார்கள். பேச ஆரம்பித்த பிறகு நம்மிடம் வந்து பேசினார்கள்.

இன்னொன்று. 1947இல் நாம் அனுப்பிய ஏழு பேரும் ஆண்கள். 2024 தேர்தலில்தான் மலையகப் பெண்கள் முதன்முறையாகப் பாராளுமன்றத்துக்குப் போனார்கள். 77 வருசம் ஆகியிருக்கிறது. அவர்கள் எந்தக் கட்சியோ இருக்கட்டும், வளவில் பிறந்தவர்கள் இல்லை. தோட்டத்தில் பாதிக்கு மேல் வேலையாட்கள் பெண்கள். சந்தாக் காசு நம் சம்பளத்திலும் வெட்டுகிறார்கள். ஆனால் துரையோடு பேசப் போகும்போது மேசைக்கு முன்னால் யார் நிற்கிறார்கள்? நாம் வெளியே நிற்கிறோம். கொழுந்து நிறுக்கும்போது தண்ணிக் கழிவு என்று எத்தனை கிலோ வெட்டினார்கள் என்று தெரிந்தவள் வெளியே நிற்கிறாள். அரைப்பேர் போட்டார்கள் என்று வயிறு எரிகிறவள் வெளியே நிற்கிறாள்.

நான் முதன்முதலில் தலைவியாக நின்றபோது, எங்கள் தோட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார்: “இந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்? இவங்க அப்பன் ஒரு கவ்வாத்துக்காரன்.” நான் மூன்று நாள் வெளியே வரவில்லை. எங்கள் அம்மாதான், “கவ்வாத்துக்காரன் மகளுக்குக் கத்தி எங்க வெட்டணும்னு தெரியும்னு சொல்லு, போ” என்று அனுப்பினார். அந்தப் பெரியவர் பிறகு அவருடைய ஈ.பி.எப். காசுக்காக என்னிடம்தான் கடுதாசி எழுத வந்தார். எழுதிக் கொடுத்தேன்.

ஆகவே தாய்மாரே, தங்கச்சிமாரே, இரண்டே வேலை சொல்லி முடிக்கிறேன். ஒன்று, வீட்டில் 18 வயதான பிள்ளைகளின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கிறதா என்று கிராம சேவகரிடம் கேட்டுப் பாருங்கள். கல்யாணம் கட்டி வந்த மருமகளின் பெயரையும் பாருங்கள், அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் விடுபடுவது அவர்கள் பெயர்தான். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, தாத்தா காலத்துப் பிரஜாவுரிமைக் கடுதாசி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் பத்திரமாக வையுங்கள்.

இரண்டாவது, அடுத்த மாதம் தோட்டக் கமிட்டித் தெரிவு வருகிறது. ஒவ்வொரு டிவிசனிலிருந்தும் ஒரு பெண்ணின் பெயர் எனக்கு வர வேண்டும். தங்கச்சி, உன் பெயரை நானே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன். இப்போது கேட்கிறேன். கை தூக்குவாயா?